'இரைப்பை தெரிகிறது': ஒரு ஸ்கேன் வரியை வாசித்தல்

நாலு வருஷமாக என் மேசை டிராயரில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் கிடக்கிறது. என் அக்கா மகளுடையது. 20-வது வாரத்தில் எடுத்த அனோமலி ஸ்கேன். எங்கள் பக்கம் டிஃபா ஸ்கேன் என்று சொன்னால்தான் புரியும். மொத்தம் மூன்று பக்கம். தலைக்கு ஒன்பது வரி, இதயத்துக்கு ஏழு வரி, முதுகெலும்புக்கு மூன்று. வயிற்றுக்கு வந்தால் ஒரே வரி. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னால்: "இரைப்பைக் குமிழி தெரிகிறது, குடல் இயல்பாக உள்ளது." அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதினே, இப்ப ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குமா என்று நண்பர் ஒருத்தர் கேட்டார். எங்கள் குடும்பத்தில் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்த அளவுக்கு வேறு எந்த வரியையும் யாரும் படித்ததில்லை. அந்த மரியாதையையாவது அதற்குக் கொடுக்க வேண்டாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் உடலியல் பாடம் எடுக்கிறவன். கருவின் இரத்த ஓட்டத்தைப் பலகையில் வரைந்து காட்டத் தெரியும், ஸ்கேன் கருவியைக் கையில் பிடித்ததில்லை.

நடந்தது இதுதான். 38-வது வாரம், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி, சுகப்பிரசவம். பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் வாயில் நுரை நுரையாக எச்சில். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "சளி இருக்கு, சரியாப் போயிடும்" என்றார்கள். பால் கொடுத்தபோது இருமி, மூச்சுத் திணறி, உதடு நீலமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் டியூட்டி டாக்டர் ஒருவர் வாய் வழியாக டியூப் விட்டுப் பார்த்தார். 10 சென்டிமீட்டரில் முட்டி நின்றது. எக்ஸ்ரேயில் டியூப் நெஞ்சின் மேல்பகுதியிலேயே சுருண்டு கிடந்தது. உணவுக்குழாய் பாதியில் மூடியிருந்தது. அதன் கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு சேர்ந்திருந்தது. அன்று ராத்திரியே 108-ல் 60 கிலோமீட்டர் பயணம். மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை. பால் நுரையீரலுக்குள் இறங்கியதால் நிமோனியா, பதினோரு நாள் வென்டிலேட்டர்.

"மாமா, நார்மல்னுதானே போட்டிருந்தாங்க?"

ஐ.சி.யூ வாசலில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வி. மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தர் ஸ்கேன் எடுத்த டாக்டர் மேல் கேஸ் போடணும் என்றார். ஒரு பெரியம்மா, கிரகணத்தன்று இவள் வாசலுக்கு வந்ததை ஞாபகப்படுத்திச் சொன்னார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். ஸ்கேன் டாக்டர் மேலும் கோபம்தான். பிறகு படிக்கப் படிக்க அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்தது. கோபம் போக இடமில்லாமல் அந்த வரி மேல் வந்து நின்றது.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 1958-ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவரோடு இருந்தவர்களும் வயிற்றுக்குள் இருப்பதை ஒலி அலையால் பார்க்கலாம் என்று எழுதியதிலிருந்து இன்று வரை அடிப்படை மாறவில்லை. நீர் கறுப்பாகத் தெரியும், எலும்பு வெள்ளையாகத் தெரியும், மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தின் பல சாயல்கள். 20 வாரக் குழந்தையின் உணவுக்குழாய் ஒரு நூல் மாதிரி. பெரும்பாலான நேரம் சுவர்கள் ஒட்டித்தான் கிடக்கும். உள்ளே நீர் இல்லாத குழாயை நெஞ்சின் மற்ற திசுக்களுக்கு நடுவே பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதனால் யாரும் உணவுக்குழாயை வழக்கமாகத் தேடுவதில்லை. இரைப்பையைத் தேடுகிறார்கள். குழந்தை பனிக்குட நீரை விழுங்குகிறது, அது இரைப்பையில் தேங்குகிறது, வயிற்றின் இடப்பக்கம் ஒரு கறுப்புக் குமிழி தெரிகிறது. குமிழி தெரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அதாவது "இரைப்பை தெரிகிறது" என்ற வாக்கியம் உண்மையில் சொல்வது, "இங்கே கொஞ்சம் நீர் இருக்கிறது" என்பதை மட்டும்தான். எங்கள் தெருக் குழாயில் தண்ணி வருவதை வைத்து மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் மெயின் பைப் ஒழுங்காக இருக்கிறது என்று முடிவு கட்டுகிற மாதிரி. பக்கத்து வீட்டு போர்வெல்லிலிருந்து யாராவது இணைப்புக் கொடுத்திருந்தாலும் தண்ணி வரத்தான் செய்யும்.

இந்த நோயில் நடப்பது அதேதான். உணவுக்குழாய் அடைப்பு ஏறக்குறைய 3,500 பிறப்புகளில் ஒன்றில் வருகிறது. அதில் பல வகை உண்டு. நூற்றில் 85 குழந்தைகளுக்கு இருப்பது சி வகை: மேல்பாதி முட்டுச்சந்தாக முடிந்துவிடும், கீழ்ப்பாதி மூச்சுக்குழாயிலிருந்து கிளம்பி இரைப்பைக்குப் போகும். மூச்சுக்குழாயில் இருக்கும் திரவம் அந்தச் சந்து வழியாக இரைப்பைக்கு இறங்கும். ஸ்கேனில் குமிழி தெரியும். எந்த வகை அதிகமாக வருகிறதோ, அந்த வகையைத்தான் இந்தச் சோதனை தவறவிட மிக அதிக வாய்ப்பு. இரைப்பைக்கு எந்த இணைப்பும் இல்லாத வகை நூற்றில் ஏழெட்டுதான். அதில்கூட இரைப்பை தானே சுரக்கும் நீரால் ஒரு சின்னக் குமிழி தெரியக்கூடும்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். குமிழி தெரியவில்லை என்றால் அடைப்பு என்று அர்த்தமா? அதுவும் இல்லை. இரைப்பை நிரம்பும், காலியாகும். காலியான நேரத்தில் பார்த்தால் தெரியாது. அரைமணி, முக்கால்மணி கழித்து மறுபடி பார்த்தால் வந்துவிடும். குழந்தைக்கு விழுங்குவதில் நரம்புப் பிரச்சினை இருந்தாலும், பனிக்குட நீரே குறைவாக இருந்தாலும் தெரியாது. 1995-ல் சான் ஃபிரான்சிஸ்கோ குழுவினர் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நீர் அதிகம், இரைப்பை தெரியவில்லை என்ற இரண்டு அறிகுறியும் சேர்ந்திருந்தவர்களில் உண்மையாகவே அடைப்பு இருந்தது 56%. கிட்டத்தட்ட காசைச் சுண்டிப் போடுவதை விடக் கொஞ்சம் மேல். நம்மிடம் இருப்பதில் பலமான அறிகுறிக்கே நிலைமை இதுதான்.

அடுத்தது காலம். என் அக்கா மகள் ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறது, வாரம் இருக்கிறது. ஆனால் "இயல்பு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "இன்றைய நிலவரப்படி" என்று எங்கேயும் இல்லை. கரு சுமார் 12 வாரத்திலேயே விழுங்க ஆரம்பித்துவிடும். ஆனால் 20 வாரத்தில் அது விழுங்கும் அளவு ரொம்பக் கொஞ்சம். பனிக்குட நீர் தோல் வழியாகவும் போய் வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அந்தத் தோல் இன்னும் கெட்டிப்படவில்லை. பிரசவம் நெருங்கும்போது குழந்தை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் விழுங்கும். வழி அடைபட்டிருந்தால் அந்த நீர் எல்லாம் வெளியிலேயே தேங்கி, தாயின் வயிறு பெருக்கும். ஆகவே அடைப்பின் அடையாளமான நீர்ப்பெருக்கு கடைசி மூன்று மாதத்தில்தான் பெரும்பாலும் வரும். குடலை விசாரிக்கிற ஸ்கேனோ ஐந்தாவது மாதமே முடிந்துவிடுகிறது.

முன்சிறுகுடல் அடைப்பிலும் இப்படித்தான். பாடப்புத்தகங்களில் பிரசித்தமான 'இரட்டைக் குமிழி' படம் அதனுடையது. இரைப்பை ஒரு குமிழி, அடைப்புக்கு மேலே வீங்கிய முன்சிறுகுடல் இன்னொரு குமிழி. அழகான படம், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் குடல் குறைகள் எல்லாம் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் என்ற எண்ணம் மாணவர்களுக்கு வருகிறது என்பது என் சந்தேகம். என் வகுப்பில் நானே பத்து வருஷமாக அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தப் படம் பெரும்பாலும் 20 வாரம் தாண்டி, பல நேரம் 24 வாரத்துக்கு மேல்தான் தெளிகிறது என்பதை ஒரு வருஷம்கூட சொன்னதில்லை. இந்த அடைப்பு உள்ள குழந்தைகளில் சுமார் 30% பேருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். அதனால் எப்போது தெரிகிறது என்பது சின்ன விஷயமில்லை.

18லிருந்து 20 வாரத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் நம் ஊர் அவசரத்தில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1971-ஆம் வருஷக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தில் கதவைச் சாத்தியது. 2021 திருத்தத்தில் சில பிரிவினருக்கு அது 24 வாரமானது. கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் வார வரம்பே கிடையாது. சட்டம் நகர்ந்துவிட்டது. பழக்கம் அங்கேயே நிற்கிறது. 20 வாரம் என்பது இதயத்துக்கும் மூளைக்கும் பொருத்தமான நேரம் என்பதை மறுக்கவில்லை. குடலுக்கு அது சீக்கிரம்.

மலவாய் மூடிய நிலை, பெருங்குடலில் நரம்பு இல்லாத ஹிர்ஷ்ப்ரங் நோய் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கருவில் குழந்தை மலம் கழிப்பதில்லை, அதனால் கீழே அடைத்திருந்தாலும் மேலே பெரிதாக வீங்காது. முன்னதை எப்போதாவது பிடிப்பார்கள், பின்னதை அனேகமாகப் பிடிக்கவே முடியாது. குடல் வெளியே வந்து மிதக்கும் வயிற்றுச் சுவர்க் குறைகள் நேர் எதிர், நல்ல கண்ணிலிருந்து தப்புவது அரிது. இவை எல்லாமே 'செரிமான மண்டலக் குறைபாடுகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. அதனால்தான் "ஸ்கேனில் இத்தனை சதவீதம் குறைபாடுகளைக் கண்டுபிடிக்கலாம்" என்று போஸ்டரில் போடும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. 1993-ல் வெளிவந்த அமெரிக்காவின் ரேடியஸ் ஆய்வில் 15,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்த பிரிவில் 35% குறைபாடுகள் பிறப்புக்கு முன் தெரிந்தன, தேவைப்பட்டால் மட்டும் எடுத்த பிரிவில் 11%. அது பழைய கருவி, பழைய கைகள், இன்று எண் கூடியிருக்கும். ஆனால் எந்த எண்ணாக இருந்தாலும், மண்டையோடு இல்லாத குழந்தையையும் உணவுக்குழாய் அடைபட்ட குழந்தையையும் ஒரே சராசரியில் போட்டால் தாய்க்கு அதில் என்ன தெரியும்? அவளுக்கு வேண்டியது, எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவே முடியாது என்ற தகவல்.

சரி, ரிப்போர்ட்டுக்கே திரும்புகிறேன். "எல்லாக் குறைபாடுகளையும் ஸ்கேனில் கண்டறிய இயலாது" என்று கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? என் கணக்கில் அது வக்கீலைப் பார்த்துப் பேசுகிறது. எந்தக் குறைபாடு, ஏன் முடியாது, பிறகு என்ன செய்யலாம் எதுவும் அதில் இல்லை. அதற்கு மேலேயே இன்னொரு வாக்கியம் இருக்கிறது, குழந்தையின் பாலினத்தைக் கண்டறியவுமில்லை, யாருக்கும் தெரிவிக்கவுமில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. 1994 சட்டத்தின் விளைவு, மிக நல்ல விளைவு. எதைச் சொல்லக் கூடாது என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்த ஒரு காகிதத்தில், எதைச் சொல்ல முடியாது என்பதை எழுத இடமில்லாமல் போனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் எதிர்பார்ப்பது பெரிய கட்டுரை இல்லை. இப்படி இரண்டு வரி: "இரைப்பையில் நீர் தெரிகிறது, இதைக் கொண்டு உணவுக்குழாய் இணைந்திருக்கிறது என்று சொல்ல இயலாது. பின்னர் பனிக்குட நீர் கூடினால் வயிற்றை மறுபடி பார்க்க வேண்டும்."

கதிரியக்கத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். சிரித்தார். "இப்படி ஒவ்வொரு உறுப்புக்கும் எழுதினா எந்த அம்மா ராத்திரி தூங்குவா? உனக்கு ஒரு கேஸ் ஞாபகம் இருக்கு. எனக்கு நார்மலாப் பிறந்த ஆயிரம் குழந்தை ஞாபகம் இருக்கு" என்றார். அவர் சொன்னதைத் தள்ள முடியவில்லை. குடல் எலும்பு அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். குரோமோசோம் கோளாறு, கருவில் தொற்று, சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ், வளர்ச்சிக் குறைவு என்று அதற்குப் பல காரணம் சொல்வார்கள். குழந்தை விழுங்கிய நீரில் கொஞ்சம் ரத்தம் கலந்திருந்தாலும் அப்படித் தெரியும். கருவியின் குமிழைக் கொஞ்சம் கூட்டித் திருகி வைத்திருந்தாலும் தெரியும்! பெரும்பாலான குழந்தைகள் ஒரு குறையும் இல்லாமல்தான் பிறக்கின்றன. அந்த ஒரு சொற்றொடரை செல்போனில் தேடித் தேடி மூன்று மாதம் தூங்காத பெண்களை நண்பர் பார்த்திருக்கிறார். தேவைக்கு மேல் எழுதினாலும் கெடுதல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டும் ஒரே மாதிரி கெடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைக் குடலைப் பற்றி எழுதும்போது எதுவுமே இல்லாமல் இருக்கக்கூடிய ஒன்றுக்குப் பயம் காட்டுகிறோம். நான் கேட்கிற இரண்டு வரி யார் குழந்தைக்கும் நோய் இருப்பதாகச் சொல்வதில்லை. எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையை மட்டும் வைக்கிறது. அதுவும் முக்கியமாக அடுத்த டாக்டருக்காக. நண்பர் இதற்குப் பதில் சொல்லவில்லை, டீ சொன்னார்.

அந்த அடுத்த டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் கதையில் உண்மையான ஓட்டை அங்கேதான். 32-வது வாரத்தில் ஒரு வளர்ச்சி ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டும் என்னிடம் இருக்கிறது, ஒரே பக்கம். குழந்தையின் எடை, நஞ்சுக்கொடியின் இடம், இதயத்துடிப்பு. பனிக்குட நீர் அளவு 27 சென்டிமீட்டர். 24, 25-க்கு மேல் போனாலே அதிகம் என்றுதான் கணக்கு. "தண்ணி கொஞ்சம் அதிகமா இருக்கு, சுகர் பாத்துடுங்க" என்றார்கள். பார்த்தார்கள், சுகர் இல்லை. "அப்ப ஒண்ணுமில்லம்மா." விசாரணை அங்கேயே முடிந்தது. நியாயமாகப் பார்த்தால், நீர் அதிகமாக இருக்கும் தாய்மார்களில் நிறையப் பேருக்குக் கடைசி வரை காரணமே கிடைப்பதில்லை, குழந்தையும் நன்றாகவே பிறக்கிறது. ஆனாலும் சர்க்கரைக்கு அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, குழந்தை விழுங்குகிறதா என்பது. வளர்ச்சி ஸ்கேன் படிவத்தில் இரைப்பைக்கு இடமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், குழந்தையின் வயிற்றுச் சுற்றளவை அளக்க முறைப்படி எடுக்க வேண்டிய குறுக்குவெட்டுப் படமே இரைப்பை தெரியும் தளத்தில்தான் எடுக்கப்படுகிறது. 32-வது வாரத்தில் அளவு எடுத்தவர் அந்த இடத்தின் மேல்தான் கோடு போட்டிருப்பார். படிவம் கேட்டது சுற்றளவை. அவர் சுற்றளவைக் கொடுத்தார்.

கருவிலேயே தெரிந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? இதில் ஆய்வுக் கட்டுரைகளை அவசரமாகப் படித்தால் வழுக்கி விழுவோம். கருவில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள்தான் பல பட்டியல்களில் மோசமாக முடிகின்றன. முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் எளிது: ஸ்கேனில் மாட்டுவது பெரும்பாலும் இணைப்பே இல்லாத கடினமான வகை, அல்லது இதயம், குரோமோசோம் என்று வேறு கோளாறும் சேர்ந்தவை. லேசானவை தப்பிப் போய்ப் பிறந்த பிறகு தெரிகின்றன. இதை வைத்து முன்கூட்டித் தெரிவதால் பயனில்லை என்று எழுதுபவர்களும் உண்டு, முன்கூட்டித் தெரிந்தால் உயிர் பிழைத்துவிடும் என்று விளம்பரப்படுத்துபவர்களும் உண்டு. இரண்டுமே அந்தக் கட்டுரைகளில் இல்லை.

1941-ல் மிச்சிகனில் கேமரன் ஹெய்ட் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக இரண்டு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்றினார். அதற்கு முன் பிறந்தவை எல்லாம் அனேகமாக இறந்தன. இன்று பெரிய இதயக் கோளாறு இல்லாத, எடை குறையாத குழந்தை நல்ல மையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் 90%-க்கு மேல் பிழைக்கும். ஆக முன்கூட்டித் தெரிந்தால் கிடைப்பது இரண்டு விஷயம். குழந்தைகள் அறுவை மருத்துவர் இருக்கிற ஊரில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். முதல் பாலைக் கொடுக்காமல் நிறுத்தலாம். எங்கள் குழந்தைக்கு அந்தப் பதினோரு நாள் வென்டிலேட்டர் இரண்டாவதால் வந்தது.

இதில் இரண்டாவதற்கு ஸ்கேனே தேவையில்லை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. தாய்க்கு நீர் அதிகம் என்று இருந்தால், குழந்தை பிறந்தவுடன் பால் கொடுக்கும் முன் இரைப்பை வரை ஒரு டியூப் விட்டுப் பார்ப்பது குழந்தைகள் மருத்துவத்தில் பழைய பாடம். ரொம்ப மெல்லிசான டியூபாக இருந்தால் உள்ளேயே சுருண்டு, போய்விட்டது போல ஏமாற்றும். கொஞ்சம் விறைப்பானது வேண்டும். ஒரு நிமிஷ வேலை. 27 என்ற எண் பிரசவ அறை வரைக்கும் வந்திருந்தால் போதும். அது ஃபைலில் இருந்தது. அந்த ஃபைலைப் புரட்டியவர்கள் 20-வது வாரத்து "இயல்பு" என்ற சொல்லைப் பார்த்து மூடிவிட்டார்கள் என்பது என் ஊகம். அந்தச் சொல் செய்த வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

பையனுக்கு இப்போது நாலு வயசு முடியப் போகிறது. இருமினால் நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய்ச் சுவர் கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதால் வருவது. இட்லியை ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீரோடுதான் இறக்குவான். பூரி என்றால் மட்டும் தண்ணீர் மறந்துவிடும்.

அக்கா மகள் இப்போது மறுபடி ஏழாவது மாதம். 20-வது வார ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வேறு ஊர், வேறு ஸ்கேன் சென்டர், வயிற்றுக்கு அதே ஒற்றை வரி. போன வாரம் செக்கப்புக்குப் போனபோது முதல் குழந்தை கதையை அந்த அம்மாவிடம் முழுசாகச் சொல்லியிருக்கிறாள். பொறுமையாகக் கேட்ட டாக்டர், ஃபைல் அட்டை மேலேயே சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார்: நீர் அளவு ஒவ்வொரு முறையும் பார்க்கவும், பிறந்ததும் டியூப் போட்டுப் பார்த்த பிறகே பால்.

"அட்டையிலயே எழுதியிருக்காங்க மாமா, உள்ள தேட வேண்டாம்" என்றாள்.